புது பிசியில் கிராபிக்ஸ் டிரைவர் தகராறு: அடியிலிருந்து தேடும் முழுமையான வழிகாட்டி

புதிதாக அசெம்பிள் செய்த கம்ப்யூட்டரில் கேம் ஓடிக்கொண்டிருக்கிறது. திடீரென்று திரை கறுக்கிறது. இரண்டு மூன்று நொடியில் படம் திரும்பி வருகிறது, ஆனால் கேம் மூடிக்கொண்டுவிட்டது. டிஸ்ப்ளே டிரைவர் (கிராபிக்ஸ் கார்டை இயக்கும் மென்பொருள்) பதில் சொல்லவில்லை, பிறகு மீண்டுவிட்டது என்று விண்டோஸ் குறித்து வைக்கிறது. இதைப் பார்த்ததும் பெரும்பாலோர் டிரைவரை அழித்துவிட்டுப் புதியதைப் போடுகிறார்கள். சரிவரவில்லை என்றால் பழைய வெர்ஷன், அப்புறம் விண்டோஸையே மறுபடி இன்ஸ்டால் செய்வது. இப்படியே ஒரு வாரம் போய்விடும், கடையில் மாற்றித் தரும் கெடுவும் முடிந்துவிடும்.

அந்தச் செய்தியில் டிரைவரின் பெயர் ஏன் வருகிறது என்று தெரிந்துகொண்டால் இந்த அலைச்சலில் பெரும்பகுதி குறையும். விண்டோஸ் விஸ்டா காலத்திலிருந்தே ஒரு கண்காணிப்பு ஏற்பாடு இருக்கிறது. கிராபிக்ஸ் கார்டிடம் கொடுத்த வேலை 2 நொடிக்குள் முடியவில்லை என்றால், கார்டு ஹேங் ஆகிவிட்டது என்று முடிவுசெய்து விண்டோஸ் அதை ரீசெட் செய்யும். அந்த நேரத்தில் விண்டோஸுக்குப் பதில் சொல்ல வேண்டிய இடத்தில் இருப்பது டிரைவர்தான், அதனால் அதன் பெயர் பதிவாகிறது. கார்டு ஏன் ஹேங் ஆனது என்பது விண்டோஸுக்குத் தெரியாது. மின்சாரம் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ் ஒரு கணம் தடுமாறியிருக்கலாம், ரேமில் ஒரு பிட் புரண்டிருக்கலாம், கார்டை போர்டோடு இணைக்கும் நீட்டிப்பான ரைசர் கேபிள் சிக்னலைக் கெடுத்திருக்கலாம். எல்லாவற்றுக்கும் ஒரே செய்திதான் வரும்.

இதற்குப் பெரிய சாட்சி இன்டெல்லின் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் புராசஸர்கள். அன்ரியல் எஞ்சினில் செய்த கேம்களைத் திறந்தால், வீடியோ மெமரி போதவில்லை என்று சொல்லி மூடிக்கொள்ளும். 24 ஜிபி மெமரி உள்ள கார்டிலும் அதே பிழை. சிலருக்கு என்விடியா டிரைவரை இன்ஸ்டால் செய்வதே பாதியில் நின்றுபோனது. எல்லாரும் கார்டையும் டிரைவரையும் சந்தேகித்தார்கள். கடைசியில் கோளாறு புராசஸரில் இருந்தது. தேவைக்கு மேல் வோல்டேஜ் போய், புராசஸரின் உள்ளே இருக்கும் கிளாக் சர்க்யூட் நாளடைவில் தேய்ந்திருந்தது. ஷேடர் (காட்சியை வரையும் சின்ன நிரல்கள்) கோப்புகளை விரிக்கும்போது கணக்கு தப்பி, அந்தத் தப்பு கிராபிக்ஸ் பிழையாக வெளியே தெரிந்தது. 2024 ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் இன்டெல் இதற்கு மைக்ரோகோட் (புராசஸரின் உள் கட்டளைத் தொகுப்பு) திருத்தங்களை வெளியிட்டது. உத்தரவாதத்தையும் இரண்டு ஆண்டு நீட்டியது. ஏற்கெனவே கெட்டுப்போன புராசஸரை அந்தத் திருத்தம் சரிசெய்யாது, மாற்றித்தான் ஆக வேண்டும்.

ஆகவே இந்த வழிகாட்டி அடியிலிருந்து மேலே போகிறது: இணைப்பு, மின்சாரம், பயாஸ் (மதர்போர்டிலேயே இருக்கும் தொடக்க மென்பொருள்), ரேம், அதற்குப் பிறகு டிரைவர். வழி நெடுக ஒரு விதியை மட்டும் விடாதீர்கள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம் செய்யுங்கள், அதை ஒரு தாளில் எழுதி வையுங்கள். நான்கை ஒன்றாக மாற்றிவிட்டுப் பிரச்சினை போய்விட்டால், எதனால் போனது என்று தெரியாது. அது திரும்பி வரும்போது மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் பிட்லாக்கர் மீட்புச் சாவி. விண்டோஸ் 11இல் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு உள்ளே போயிருந்தால், நீங்கள் கேட்காமலேயே டிரைவ் என்கிரிப்ட் ஆகியிருக்க வாய்ப்பு உண்டு. 24எச்2 வெர்ஷனிலிருந்து இது இன்னும் பரவலாகிவிட்டது. பயாஸை அப்டேட் செய்தாலோ, டிபிஎம் (சாவிகளைப் பாதுகாக்கும் சிப்) அமைப்பைத் தொட்டாலோ, அடுத்த முறை ஆன் செய்யும்போது 48 இலக்கச் சாவியைக் கேட்கலாம். அது இல்லையென்றால் டிரைவில் இருப்பதெல்லாம் போச்சு. உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கின் பக்கத்தில் அந்தச் சாவி இருக்கும். போனில் திறந்து பார்த்து, எழுதி வைத்துக்கொண்டு அடுத்த வேலைக்குப் போங்கள்.

இரண்டாவது, ஒரு பென் டிரைவ். மதர்போர்டு நிறுவனத்தின் தளத்திலிருந்து உங்கள் மாடலுக்கான லேன், வைஃபை, சிப்செட் டிரைவர்களை இறக்கி அதில் வையுங்கள். புது போர்டுகளில் நெட்வொர்க் சிப்பை விண்டோஸ் இன்ஸ்டாலர் அடையாளம் காணாமல் போவது சாதாரணம், விண்டோஸ் 11 இன்ஸ்டாலரோ இணையம் இல்லாமல் நகராது. அவசரத்துக்கு ஆண்ட்ராய்டு போனை யுஎஸ்பி கேபிளில் இணைத்து டெதரிங் ஆன் செய்தால் பெரும்பாலும் டிரைவர் எதுவும் இல்லாமலேயே நெட் வந்துவிடும்.

படமே வரவில்லை என்றால்

மானிட்டர் கேபிள் கிராபிக்ஸ் கார்டில் செருகியிருக்கிறதா, மதர்போர்டில் செருகியிருக்கிறதா என்று பாருங்கள். கேபினட்டின் பின்பக்கம் மேலே நின்றவாக்கில் இருக்கும் துளைகள் மதர்போர்டுடையவை, கீழே படுக்கைவாட்டில் இருப்பவை கார்டுடையவை. கார்டில்தான் செருக வேண்டும். இன்டெல்லில் பெயரின் முடிவில் எஃப் வரும் புராசஸர்களுக்கு, எடுத்துக்காட்டாக ஐ5 12400எஃப், உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. ஏஎம்டியின் ரைசன் 5000 வரிசையில் முடிவில் ஜி இல்லாதவற்றுக்கும் கிடையாது. இவற்றில் மதர்போர்டு துளையில் செருகினால் திரை வெறுமையாகவே இருக்கும். ரைசன் 7000 வரிசையில் பெரும்பாலானவற்றுக்கு எளிய கிராபிக்ஸ் உண்டு, 7500எஃப் போன்றவற்றுக்கு இல்லை. உங்கள் புராசஸருக்கு அது இருக்கிறதென்றால் நல்ல துணை என்று வைத்துக்கொள்ளுங்கள். கார்டைக் கழற்றிவிட்டு மதர்போர்டு வழியாகப் படம் வருகிறதா என்று பார்த்தால், பழி கார்டின் மேலா மற்றவற்றின் மேலா என்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

டிடிஆர்5 ரேம் போட்ட புது மெஷினை முதன்முதலாக ஆன் செய்கிறீர்கள் என்றால் பொறுமை வேண்டும். ரேமோடு ஒத்துப்போகும் நேர அளவுகளை போர்டு தானே தேடிக் கண்டுபிடிக்கும். ஏஎம்டியின் ஏஎம்5 சாக்கெட் போர்டுகளில் இதற்குப் பல நிமிடங்கள் பிடிக்கும். அதுவரை விசிறி சுற்றும், திரையில் ஒன்றும் இருக்காது. பயந்து நடுவில் அணைத்தால் அடுத்த முறை அந்த வேலை மறுபடி தொடங்கும். ஒரு கால் மணி நேரம் தொடாமல் விட்டுவிடுங்கள்.

அதன் பிறகும் வரவில்லை என்றால் மதர்போர்டின் ஓரத்தில் பெரும்பாலும் சின்ன எல்ஈடி விளக்குகள் நான்கு இருக்கும்: சிபியு, டிராம், விஜிஏ, பூட். எது அணையாமல் நிற்கிறதோ, போர்டு அங்கேதான் மாட்டிக்கொண்டிருக்கிறது. டிராம் என்றால் ரேமைக் கழற்றி, ஒரே ஒரு குச்சியை மட்டும் புராசஸரிலிருந்து எண்ணும்போது இரண்டாவதாக வரும் ஸ்லாட்டில் போட்டுப் பாருங்கள். இரண்டு குச்சி போடுவதானால் இரண்டாவதும் நான்காவதும்தான் சரியான இடம். விஜிஏ என்றால் கார்டைக் கழற்றி, கொக்கி ‘கிளிக்’ என்று விழும் வரை மறுபடி அழுத்துங்கள். கனமான கார்டு தொங்கி, ஸ்லாட்டின் ஒரு முனை லேசாக எழும்பியிருப்பதை அடிக்கடி பார்க்கலாம்.

விண்டோஸ் வந்த பிறகுதான் படம் வருகிறது, அதற்கு முன் பயாஸ் திரை தெரிவதில்லை என்றால் அது வேறு விஷயம். பயாஸில் சிஎஸ்எம் என்ற பழைய முறை ஆன் ஆகியிருக்கலாம், அதை அணைத்து முழு யுஇஎஃப்ஐ என்ற புதிய முறைக்கு மாற்றுங்கள். ஆர்டிஎக்ஸ் 5060 வரிசைக் கார்டுகளில் ரீஸ்டார்ட்டின்போது திரை வெறுமையாவதற்கு என்விடியா 2025இல் தனியாக ஒரு ஃபர்ம்வேர் திருத்தக் கருவியையே வெளியிட்டது. அந்த வரிசைக் கார்டு என்றால் அதையும் ஓட்டிப் பாருங்கள்.

மின்சாரம்

இந்தப் பகுதியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம், புது பிசிகளில் கோளாறு அடிக்கடி ஒளிந்திருப்பதும் இங்கேதான்.

கார்டு செருகும் பிசிஐஇ ஸ்லாட் வழியாகக் கார்டுக்கு 75 வாட் வரை கிடைக்கும். 8 பின் கேபிள் ஒன்றுக்கு 150 வாட் என்பது கணக்கு. ஆர்டிஎக்ஸ் 4060 மாதிரி 115 வாட் கார்டுக்கு ஒரு கேபிள் தாராளம். ஆனால் இரண்டு, மூன்று 8 பின் துளை உள்ள கார்டுக்கு, ஒரே கேபிளின் முனையில் இரட்டையாகத் தொங்கும் இணைப்பிகளைச் செருகிச் சமாளிக்காதீர்கள். ஒவ்வொரு துளைக்கும் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து தனிக் கேபிள் இழுங்கள். கேம் ஆரம்பித்ததும் கறுத்துப்போகும் திரைகளில் பல இந்த ஒரு மாற்றத்திலேயே சரியாகிவிடும்.

புதிய 16 பின் இணைப்பி 600 வாட் வரை கடத்தக்கூடியது. ஆர்டிஎக்ஸ் 4090 வந்த 2022 இறுதியில் இது உருகிப்போன படங்கள் பரவின. முழுதாக உள்ளே போகாமல் விட்டது அதற்கு ஒரு முக்கியக் காரணம். பின்னால் வந்த திருத்திய வடிவத்தில், சரியாகச் செருகவில்லை என்றால் கார்டு முழு மின்சாரம் எடுக்காதபடி உணர் பின்களைக் குட்டையாக்கினார்கள். எந்த வடிவம் ஆனாலும், செருகிய பின் இணைப்பிக்கும் கார்டுக்கும் நடுவே இடைவெளி தெரியக் கூடாது. செருகிய இடத்திலேயே கேபிளை மடக்காமல் மூன்று நான்கு சென்டிமீட்டர் நேராக விட்டு அப்புறம் வளையுங்கள். கேபினட்டின் கண்ணாடிக் கதவு கேபிளை அழுத்துகிறதா என்றும் பாருங்கள்.

எஸ்எம்பிஎஸ்ஸின் மொத்த வாட் போதுமா என்று பார்ப்பது மட்டும் போதாது. இன்றைய கார்டுகள் ஒரு மில்லி நொடிக்கும் குறைவான நேரத்துக்குத் தங்கள் அளவைத் தாண்டி மிக அதிகமாக மின்சாரம் இழுக்கும். ஏடிஎக்ஸ் 3.0 தர எஸ்எம்பிஎஸ்கள் இப்படிப்பட்ட திடீர் இழுப்பைத் தாங்குமாறு வடிவமைக்கப்பட்டவை. பழைய எஸ்எம்பிஎஸ்ஸைப் புது பிசிக்குக் கொண்டுவந்திருந்து, கேமின் நடுவில் நீலத்திரையோ செய்தியோ எதுவும் இல்லாமல் மெஷின் மொத்தமாக அணைந்தால், என் முதல் சந்தேகம் அதன் மேல்தான் விழும். வேறொரு எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து கேபிளை எடுத்து இதில் செருக மட்டும் செய்யாதீர்கள். ஒரே நிறுவனத்தின் இரண்டு மாடல்களுக்குக்கூட எஸ்எம்பிஎஸ் பக்கத்துப் பின் வரிசை மாறலாம். தவறாகச் செருகினால் பாகங்கள் எரிந்துபோகும்.

நம் ஊர்களில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். விலை குறைந்த யுபிஎஸ்கள் மின்வெட்டின்போது சதுர அலை மின்சாரம் தருகின்றன. ஆக்டிவ் பிஎஃப்சி (மின்சாரத்தைச் சீராக இழுக்கும் சர்க்யூட்) உள்ள நல்ல எஸ்எம்பிஎஸ்களில் சில அதை ஏற்காமல் அணைந்துவிடும். கரண்ட் போகும் நொடியில் மட்டும் பிசி ரீஸ்டார்ட் ஆகிறது என்றால், சில நாள் யுபிஎஸ் இல்லாமல் நேரடி பிளக்கில் ஓட்டி ஒப்பிடுங்கள்.

பயாஸும் ரேமும்

டிரைவருக்கு வெர்ஷன் பார்க்கும் நாம் பயாஸுக்குப் பார்ப்பதில்லை. கடையில் இருந்த போர்டு பெட்டிக்குள் எத்தனை மாதம் கிடந்ததோ, அதில் இருக்கும் பயாஸும் அத்தனை பழையது. இன்டெல் 13, 14ஆம் தலைமுறைக்கு மேலே சொன்ன மைக்ரோகோட் பயாஸ் வழியாகத்தான் வருகிறது. 2024 செப்டம்பருக்குப் பிந்தைய பயாஸ் இல்லாமல் அந்தப் புராசஸர்களை ஓட்டவே கூடாது என்பேன். ஏஎம்டி பக்கத்திலும் 2023இல் ரைசன் 7000 எக்ஸ்3டி புராசஸர்கள் சில கருகின. அதன் பிறகு எஸ்ஓசி (ரேமைக் கட்டுப்படுத்தும் புராசஸர் பகுதி) வோல்டேஜுக்கு 1.3 வோல்ட் உச்சவரம்பு பயாஸ் அப்டேட்டில்தான் வந்தது. இவை வெறும் வசதிக்கான அப்டேட்டுகள் இல்லை, பாகங்களின் ஆயுளையே தீர்மானிப்பவை.

அப்டேட் செய்யும் முறை: போர்டின் சரியான மாடல் எண்ணையும் ரிவிஷன் எண்ணையும் போர்டிலேயே அச்சிட்டிருப்பதைப் பார்த்துக் குறித்துக்கொண்டு, அதற்கான கோப்பை எஃப்ஏடி32 ஃபார்மேட் செய்த பென் டிரைவில் போடுங்கள். பயாஸுக்குள் போய், அங்கேயே இருக்கும் அப்டேட் கருவியால் ஓட்டுங்கள். விண்டோஸுக்குள் இருந்து பயாஸ் அப்டேட் செய்வதை நான் யாருக்கும் சொல்வதில்லை. ஏற்கெனவே ஹேங் ஆகும் மெஷின் நடுவழியில் நின்றுவிட்டால் போர்டு போய்விடும். பின்பக்கம் பயாஸ் ஃபிளாஷ்பேக் பட்டன் இருந்தால், திரையில் படம் இல்லாமலேயே அப்டேட் செய்யலாம், புராசஸர்கூடத் தேவையில்லை.

அப்டேட் முடிந்ததும் எல்லா அமைப்புகளும் ஆரம்ப நிலைக்குப் போயிருக்கும். அந்த நிலையிலேயே, ரேமை வேகமாக ஓட்டும் எக்ஸ்எம்பியோ, அதற்கு ஏஎம்டி வைத்த வடிவமான எக்ஸ்போவோ ஆன் செய்யாமல், ஒருநாள் ஓட்டிப் பாருங்கள். எக்ஸ்எம்பி என்பது ரேம் பெட்டியில் போட்ட வேகம், அதனால் அது நமக்குச் சேர வேண்டியதுதானே என்று தோன்றும். உண்மையில் அது ஓவர்கிளாக். ரைசன் 7000 புராசஸருக்கு ஏஎம்டி உறுதி தருவது இரண்டு குச்சிக்கு 5200, நான்கு குச்சிக்கு வெறும் 3600 வேகம்தான். இரண்டு குச்சியில் 6000 பெரும்பாலும் பிரச்சினையின்றி ஓடும். நான்கு குச்சி போட்டு 6000 எதிர்பார்த்தால், அது டிரைவர் பிழையாகவும் கேம் மூடிக்கொள்வதாகவும் பிரவுசர் டேப் செத்துப்போவதாகவும் பல வேடத்தில் தலைகாட்டும். எக்ஸ்போ அணைத்ததும் எல்லாம் அடங்கினால் டிரைவரை மறந்துவிடுங்கள். நான்கில் இரண்டு குச்சியைக் கழற்றுங்கள், அல்லது வேகத்தை 5600க்கோ அதற்குக் கீழோ இறக்குங்கள்.

ரேமைச் சோதிக்க மெம்டெஸ்ட்86 பிளஸ் என்ற இலவசக் கருவி போதும். பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்து பூட் செய்து, ஒரு ராத்திரி முழுக்க ஓட விடுங்கள். ஒரே ஒரு பிழை சிவப்பில் வந்தாலும் அது பிழைதான். “ஒன்றுதானே” என்று விடக் கூடாது. குச்சிகளைத் தனித்தனியாகச் சோதித்தால் எது கெட்டது என்று தெரிந்துவிடும்.

கார்டை நிமிர்த்தி வைக்க ரைசர் கேபிள் போட்டிருக்கிறீர்களா? மூன்றாம் தலைமுறை ரைசரில் நான்காம் தலைமுறைக் கார்டைப் போட்டால் கறுப்புத் திரையும் ரீஸ்டார்ட்டும் நிச்சயம் போல வரும். பயாஸில் அந்த ஸ்லாட்டின் பிசிஐஇ வேகத்தை மூன்றாம் தலைமுறை (Gen 3) என்று கட்டாயப்படுத்துங்கள், அல்லது கார்டை நேராகப் போர்டில் செருகிப் பாருங்கள்.

டிரைவரைச் சுத்தமாகப் போடுவது

இப்போதுதான் டிரைவருக்கு வருகிறோம். ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து டிவைஸ் மேனேஜரைத் திறந்து, டிஸ்ப்ளே அடாப்டர்ஸ் என்பதை விரியுங்கள். அங்கே மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர் என்று இருந்தால் சரியான டிரைவர் ஏறவே இல்லை. மஞ்சள் முக்கோணம் இருந்தால் அதைத் திறந்து எண்ணைப் பாருங்கள். 28 என்றால் டிரைவர் இல்லை. 43 என்றால் கார்டு தனக்குக் கோளாறு என்று சொன்னதால் விண்டோஸ் அதை நிறுத்தி வைத்திருக்கிறது. 43 சுத்தமான டிரைவர் போட்ட பிறகும், வேறு பிசியிலும் வந்தால் கார்டே கெட்டது என்று பெரும்பாலும் முடிவுசெய்யலாம். பழைய கார்டு வாங்கியவர்களுக்கு, யாரோ கார்டுக்குள்ளேயே இருக்கும் பயாஸை மாற்றி வைத்திருந்தாலும் இதே எண் வரும்.

சுத்தம் செய்ய டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர், சுருக்கமாக டிடியு, நம்பகமான கருவி. முதலில் புது டிரைவரை இறக்கி டெஸ்க்டாப்பில் வைத்துவிட்டு, லேன் கேபிளைப் பிடுங்குங்கள், வைஃபையை அணையுங்கள். நெட் இருந்தால், நீங்கள் பழையதை அழித்த மறுநிமிடமே விண்டோஸ் அப்டேட் தன்னிடம் இருக்கும் வேறொரு டிரைவரை ஏற்றிவிடும், அதன் மேல் நீங்கள் புதியதைப் போட வேண்டியதாகிவிடும். பிறகு ஷிஃப்டை அழுத்திக்கொண்டே ரீஸ்டார்ட் கொடுத்து, ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்டு, ஸ்டார்ட்டப் செட்டிங்ஸ் வழியே சேஃப் மோடுக்குப் போங்கள். அங்கே பின் நம்பர் வேலை செய்யாமல் கணக்கின் பாஸ்வேர்டைக் கேட்கலாம், அதை முன்பே நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். டிடியுவில் கார்டின் வகையைத் தேர்ந்து, கிளீன் அண்ட் ரீஸ்டார்ட். முன்பு ஏஎம்டி கார்டு இருந்து இப்போது என்விடியாவுக்கு மாறியிருந்தால் இரண்டையும் துடைத்துவிடுங்கள்.

திரும்பி வந்ததும் முதலில் சிப்செட் டிரைவர், ரீஸ்டார்ட், அதன் பிறகு கிராபிக்ஸ் டிரைவர். நெட் இன்னும் அணைந்தே இருக்கட்டும். கஸ்டம் இன்ஸ்டால் தேர்ந்து, டிரைவரைத் தவிர மற்ற துணைப் பொருள்களை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். ஓவர்லே, ரெக்கார்டிங், போர்டு நிறுவனத்தின் விளக்கு மென்பொருள், ஓவர்கிளாக் கருவி எதுவும் சோதனை முடியும்வரை வேண்டாம்.

எந்த வெர்ஷன்? புத்தம் புதிய கார்டென்றால் புதிய டிரைவரேதான், பழையது அதை அடையாளமே காணாது. ஆனால் கார்டு வந்து ஒன்றிரண்டு ஆண்டு ஆகியிருந்தால் மிகப் புதியதைத் துரத்த வேண்டாம், சில மாதம் முந்தையது நிம்மதி. டிரைவரே குற்றவாளியாக இருப்பதும் நடக்கத்தான் செய்கிறது. ஆர்டிஎக்ஸ் 50 வரிசை 2025 தொடக்கத்தில் வந்தபோது கறுப்புத் திரைக்காகவே என்விடியா ஒன்றுக்கு மேற்பட்ட ஹாட்ஃபிக்ஸ் (அவசரத் திருத்த) டிரைவர்களை வெளியிட வேண்டியிருந்தது. வெளியீட்டுக் குறிப்பில் தெரிந்த பிழைகள் என்ற பகுதியைப் படித்தால் உங்கள் பிரச்சினை அங்கேயே எழுதியிருக்கலாம்.

விண்டோஸ், கண்ட்ரோல், ஷிஃப்ட், பி நான்கையும் ஒன்றாக அழுத்தினால் கிராபிக்ஸ் டிரைவர் மட்டும் ரீசெட் ஆகும். திரை கறுத்திருக்கும்போது இதை அழுத்திப் படம் வந்தால் மெஷின் உயிரோடுதான் இருக்கிறது, பிரச்சினை கார்டு, கேபிள், டிரைவர் வட்டத்துக்குள்தான் என்று புரிந்துகொள்ளலாம்.

விண்டோஸ் எழுதி வைத்ததைப் படிப்பது

ஊகத்தை நிறுத்தும் இடம் இது. ஸ்டார்ட் மெனுவில் ரிலையபிலிட்டி என்று தேடினால் நாள்வாரியாக ஒரு வரைபடம் வரும். மெஷின் எந்த நாளில் நோய்ப்பட ஆரம்பித்தது, அன்று என்ன இன்ஸ்டால் செய்தீர்கள் என்பது பக்கத்திலேயே இருக்கும். மேலும் விவரத்துக்கு ஈவென்ட் வியூவரில் விண்டோஸ் லாக்ஸ், சிஸ்டம்.

கெர்னல் பவர் 41 என்ற பதிவைப் பார்த்து எஸ்எம்பிஎஸ் கெட்டது என்று பலர் முடிவுசெய்துவிடுகிறார்கள். அது சொல்வதெல்லாம் முறையாக ஷட்டவுன் ஆகாமல் மெஷின் மறுபடி தொடங்கியது என்பது மட்டுமே. அந்தப் பதிவின் விவரத்தில் பக்செக் கோடு (நீலத்திரையின் பிழை எண்) பூஜ்யமாக இருந்தால் விண்டோஸுக்கு எதையும் எழுத நேரமே கிடைக்கவில்லை. அப்படியென்றால் மின்சாரம் போயிருக்கலாம், அல்லது மெஷின் அப்படியே உறைந்திருக்கலாம்.

4101 என்ற பதிவு முதலில் சொன்ன 2 நொடி ரீசெட். டபிள்யூஎச்இஏ லாகர் என்ற பெயரில் வருபவை இதைவிட மதிப்புள்ளவை, ஏனென்றால் அவை வன்பொருளே கொடுக்கும் புகார்கள். 18 என்றால் சமாளிக்க முடியாத பிழை. புராசஸர் கோர் என்று எழுதியிருந்தால் புராசஸர், அதன் வோல்டேஜ், ரேம் வேகம் பக்கம் திரும்புங்கள். 17 என்றால் பிசிஐஇ பாதையில் வந்து தானாகத் திருத்தப்பட்ட பிழை. அது நூற்றுக்கணக்கில் குவிந்திருந்தால் ரைசர், ஸ்லாட், சரியாக உட்காராத கார்டு ஆகியவற்றைப் பாருங்கள்.

நீலத்திரை வருகிறதென்றால் அதன் பெயரை விட, அந்தப் பெயர் மாறுகிறதா என்பதுதான் முக்கியம். ஒவ்வொரு முறையும் வீடியோ டிடிஆர் ஃபெயிலியர் (VIDEO_TDR_FAILURE) என்று, அதே என்விடியா அல்லது ஏஎம்டி டிரைவர் கோப்பின் பெயரோடு வந்தால் கிராபிக்ஸ் பக்கம் தேடுவது நியாயம். இன்று மெமரி மேனேஜ்மென்ட், நாளை டிரைவர் பெயர், மறுநாள் ஃபைல் சிஸ்டம் என்று மாறிக்கொண்டே இருந்தால் கோளாறு எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கிறது. முதலில் ரேம், அடுத்து புராசஸர். விண்டோஸ் கோப்புறைக்குள் மினிடம்ப் என்ற இடத்தில் சேரும் கோப்புகளை புளூஸ்கிரீன்வியூ என்ற சின்ன நிரலில் திறந்தால் வரிசையாக ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

இணையத்தில் இந்த 2 நொடி வரம்பை ரெஜிஸ்ட்ரியில் 10, 60 என்று உயர்த்தச் சொல்வார்கள். 3டி ரெண்டரிங் போன்ற நீண்ட வேலைகளுக்கு அது பொருந்தும். கேமில் ஹேங் ஆகும் கார்டுக்கு அதைச் செய்தால் 2 நொடி உறைந்தது 10 நொடி உறையும், அவ்வளவுதான்.

தனித்தனியாகப் பிரித்துச் சோதிப்பது

எச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச நிரலைத் திறந்து சென்சார்களைக் கோப்பில் பதியச் சொல்லிவிட்டு, பாகங்களை ஒவ்வொன்றாகக் கஷ்டப்படுத்துங்கள். புராசஸரை மட்டும் பிரைம்95 என்ற நிரலில் அரை மணி நேரம். ரைசன் 7000 வரிசை 95 டிகிரியைத் தொடுவது வடிவமைப்பிலேயே உள்ளது, பயப்பட வேண்டாம். ஆனால் ஓட்டிய சில நொடியிலேயே தொட்டால், கூலரின் அடியில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை உரித்தீர்களா என்று பாருங்கள். பிறகு கிராபிக்ஸ் கார்டை மட்டும் ஓசிசிடி என்ற நிரலின் 3டி சோதனையில். இரண்டும் தனித்தனியே தாக்குப்பிடித்து, இரண்டையும் சேர்த்து ஓட்டும்போது மட்டும் மெஷின் அணைந்தால் அது எஸ்எம்பிஎஸ்.

கார்டு சோதனையில் மட்டும் விழுகிறது என்றால் என்விடியா கண்ட்ரோல் பேனலின் ஹெல்ப் மெனுவில் டீபக் மோட் என்று ஒன்று இருக்கிறது. அதிகம் பேர் கண்ணில் படாத அமைப்பு இது. கார்டு நிறுவனம் தொழிற்சாலையிலேயே ஏற்றி அனுப்பிய ஓவர்கிளாக்கை இது இறக்கி, என்விடியாவின் அடிப்படை வேகத்துக்குக் கொண்டுவரும். அந்த நிலையில் கேம் நிம்மதியாக ஓடினால் டிரைவர் நிரபராதி. பெட்டியில் போட்ட வேகத்தையே அந்தக் கார்டால் தாங்க முடியவில்லை. அதைக் குறைந்த வேகத்தில் ஓட்டிக் காலம் தள்ளாதீர்கள். புதுப் பொருளுக்குக் காசு கொடுத்திருக்கிறீர்கள், மாற்றிக் கேளுங்கள்.

படம் வருகிறது, பிழையும் இல்லை, ஆனால் கேம் மந்தமாக ஓடுகிறது என்றால் ஜிபியு-இசட் என்ற நிரலைத் திறந்து பஸ் இன்டர்ஃபேஸ் என்ற இடத்தைப் பாருங்கள். கார்டு தவறிப்போய் இரண்டாவது நீள ஸ்லாட்டில் உட்கார்ந்திருந்தால் 16 பாதைக்குப் பதில் 4 பாதைதான் கிடைத்துக்கொண்டிருக்கும். சும்மா இருக்கும்போது வேகம் 1.1 என்று காட்டுவது இயல்பு, பக்கத்தில் இருக்கும் கேள்விக்குறியை அழுத்திக் கார்டுக்கு வேலை கொடுத்தால் உண்மை எண் வரும். ரீசைசபிள் பார் (கார்டின் மெமரி முழுவதையும் புராசஸர் ஒரே நேரத்தில் அணுக விடும் வசதி) ஆன் ஆகியிருக்கிறதா என்பதும் அங்கேயே தெரியும். இன்டெல் ஆர்க் கார்டுகளுக்கு அது இல்லாவிட்டால் வேகம் கடுமையாக விழும்.

லினக்ஸ் போட்டவர்களுக்கு

உபுண்டுவில் செக்யூர் பூட் (கையொப்பமிட்ட மென்பொருளை மட்டும் தொடங்க விடும் பாதுகாப்பு) ஆன் ஆகியிருக்க, என்விடியா டிரைவர் போட்டால் ஒரு பாஸ்வேர்டு கேட்கும். அடுத்த ரீஸ்டார்ட்டில் நீல நிறத் திரை ஒன்று சில நொடி நிற்கும். அங்கே என்ரோல் எம்ஓகே என்பதைத் தேர்ந்து அந்தப் பாஸ்வேர்டைக் கொடுக்க வேண்டும். அதைக் கவனிக்காமல் விட்டால் டிரைவர் இன்ஸ்டால் ஆகியும் ஏறாது. ஆர்டிஎக்ஸ் 50 வரிசைக்கு என்விடியாவின் ஓப்பன் கெர்னல் மாட்யூல் வகை டிரைவர்தான் வேலை செய்யும், பழைய மூடிய வகை செய்யாது. ஏஎம்டியின் புதிய கார்டுகளுக்குத் தனி டிரைவர் தேவையில்லை. ஆனால் கெர்னல், மெசா (லினக்ஸின் கிராபிக்ஸ் நூலகம்), ஃபர்ம்வேர் தொகுப்பு மூன்றும் அந்தக் கார்டு வெளியான காலத்துக்குப் பிந்தையவையாக இருக்க வேண்டும்.

மாற்றிக் கேட்கும்போது

கார்டோ ரேமோ கெட்டது என்று முடிவானால், முடிந்தவரை அதை நண்பர் ஒருவரின் பிசியில் போட்டு அங்கேயும் அதே கோளாறு வருகிறது என்று காட்டுங்கள். போனில் வீடியோ எடுங்கள்: ஒரே காட்சியில் கார்டின் சீரியல் எண், ஓடும் சோதனை, விழும் திரை மூன்றும் தெரியட்டும். மெம்டெஸ்ட் பிழைத் திரை, டபிள்யூஎச்இஏ பதிவுகளின் படம், நீங்கள் எழுதி வந்த அந்தத் தாள் இவற்றையும் சேர்த்துக் கொடுங்கள். “சில சமயம் ஹேங் ஆகிறது” என்று மட்டும் சொல்லிக் கொடுத்தால் சர்வீஸ் சென்டரில் பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்து, பழுது இல்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். எந்தக் கேமில், எத்தனை நிமிடத்தில், எந்த டிரைவர் வெர்ஷன்களில் வந்தது என்று எழுதிக் கொடுத்தால் அதே நிலையில் வைத்துப் பார்ப்பார்கள்.

சென்னை ரிச்சி தெருவில் வாங்கியிருந்தாலும் ஆன்லைனில் வாங்கியிருந்தாலும் ஜிஎஸ்டி பில்லில் சீரியல் எண் இருக்கிறதா என்று பாருங்கள். கார்டு, எஸ்எம்பிஎஸ் பெட்டிகளையும் உள்ளே இருந்த கேபிள்களையும் உத்தரவாதக் காலம் முடியும்வரை எறியாதீர்கள். கடையின் மாற்றித் தரும் கெடு சில நாள்தான் இருக்கும், அதன் பிறகு நிறுவனத்தின் சர்வீஸ் சென்டர் வழியாகத்தான் போக வேண்டும், அதற்கு வாரக்கணக்கில் ஆகலாம். ஆகவே பிசி கட்டிய முதல் சனி ஞாயிறிலேயே மெம்டெஸ்ட், பிரைம்95, ஓசிசிடி மூன்றையும் ஓட்டிவிடுங்கள், பிரச்சினை எதுவும் கண்ணில் படாவிட்டாலும்கூட.